மகாவின் காலிக் கட்டம்

திங்கட்கிழமை காலை ஆறு நாற்பது. கே.ஆர்.புரத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்த மெட்ரோவில், கம்பியில் தோளைச் சாய்த்தபடி மகா கைபேசியைத் திறந்தாள். ஒரே ஒரு பெயரைப் போட வேண்டும். பிக்கெட். அதைப் போட இன்னும் ஐம்பது நிமிடம் இருக்கிறது என்ற நிம்மதியில்தான் திறந்தாள்.

திரையில் ஆட்டம் மூன்றாவது இன்னிங்ஸில் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. நேற்றைய ஆட்டமோ என்று தேதியைப் பார்த்தாள். இன்றைய தேதிதான். பந்து எறிபவர் என்ற இடத்தில் பிக்கெட் இல்லை. டெல்கடோ இருந்தான். அவளுடைய அணியின் உயிர்நாடி. நாளைக்கென்று அவள் பொத்திப் பொத்தி ஓய்வில் வைத்திருந்தவன். அவன் பெயருக்குப் பக்கத்தில் களைப்பைக் காட்டும் எண் சிவப்பாக எரிந்தது.

ரயில் பென்னிகானஹள்ளியில் நின்று புறப்பட்டபோது அடுத்த வரி வந்தது. “டெல்கடோ தோளைப் பிடித்துக்கொண்டு மைதானத்தை விட்டு வெளியேறுகிறார்.”

இப்படி ஒரு மனிதன் உலகத்திலேயே இல்லை. அவன் கணினி உருவாக்கிய பெயர், சில எண்கள், ஒரு வயது. அது மகாவுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அவள் கை தானாக எழுந்து தன் வலது தோளைப் பிடித்துக்கொண்டது.

பெங்களூர் ஜோகுபாளையாவில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, நாற்பத்து மூன்று வயது வரை ஒரு பேஸ்பால் ஆட்டத்தைக்கூடக் கண்ணால் பார்த்திராத மகாலட்சுமி, அமெரிக்காவிலிருந்து நடக்கும் ஓர் இணைய பேஸ்பால் லீகின் இறுதிப் போட்டிக்கு எப்படி வந்தாள் என்பதை இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும்.

அந்த லீகில் பன்னிரண்டு அணிகள். வீரர்கள் எல்லாம் கற்பனை. ஒவ்வோர் அணிக்கும் ஒரு மேலாளர் உண்டு. அவர் மட்டும் ரத்தமும் சதையுமான ஆள். யார் பந்தை எறிவது, யார் எந்த வரிசையில் மட்டை பிடிப்பது என்று தினமும் அவர் பெயர்களைப் போட வேண்டும். நம் நேரப்படி காலை ஆறரைக்குக் கணினி ஆட்டத்தை நடத்தும். ஒவ்வொரு பந்துக்கும் ஒரு வரியாகத் திரையில் வந்து விழும். மேலாளர் பெயர் போட மறந்தால் கணினியே போட்டுக்கொள்ளும். கணினிக்கு இரக்கம் கிடையாது. இருப்பவர்களில் திறமைசாலி யாரோ அவனை இழுத்து விடும். அவன் களைத்திருக்கிறானா என்று கேட்காது.

மகாவின் அணிக்கு அல்சூர் அவுல்ஸ், அதாவது ஆந்தைகள், என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவன் விக்கி, அவள் கணவன் கோவிந்தப்பாவின் தம்பி. மூன்று வருடங்களுக்கு முன் விக்கி வேலை பார்த்த கம்பெனிக்கு அரிசோனாவில் ஒரு வாடிக்கையாளர். அங்கிருந்த ஒரு பெரியவர்தான் இந்த லீகின் கமிஷனர். ஓர் அணிக்கு ஆள் இல்லை என்று அவர் சொல்ல, நல்ல பெயர் வாங்குவதற்காக விக்கி கையைத் தூக்கினான். மூன்றே வாரத்தில் அலுத்துப்போனான்.

“அண்ணி, நீங்க எப்படியும் நைட்டெல்லாம் முழிச்சிக்கினுதானே கீறீங்க. டெய்லி ஒரு தபா உள்ள போயி பேரு போட்டாப் போதும்,” என்று பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் சிட்டியில் அறை எடுத்துப் போய்விட்டான்.

பெயர் போடுவதுதான் மகாவின் வேலையே. ஒயிட்ஃபீல்டில் ஒரு பெரிய அலுவலகத்தின் டிரான்ஸ்போர்ட் டெஸ்கில் அவள் பத்து வருடங்களாக இருக்கிறாள். இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை நாற்பது வண்டிகள், நாற்பது டிரைவர்கள். எந்த வண்டி யாரை எங்கே ஏற்றி எங்கே இறக்க வேண்டும் என்று ரோஸ்டர் போடுவாள். அவள் அனுப்பும் கடிதங்கள் எல்லாம் ‘டிரான்ஸ்போர்ட் டெஸ்க்’ என்று முடியும். வண்டி சரியான நேரத்துக்கு வந்தால் யாரும் எதுவும் சொல்வதில்லை. வராவிட்டால் ‘டிரான்ஸ்போர்ட் டெஸ்க் என்ன செய்கிறது’ என்று பதில் வரும். மகா என்ற பெயரைப் பத்து வருடத்தில் ஒருவரும் எழுதியதில்லை.

ஆரம்பத்தில் ஒருமுறை, இரண்டு இரவு தொடர்ந்து ஓட்டிய டிரைவர் ஒருவன், “நான் ஓகேதான் மேடம், குடுங்க,” என்று சிரித்துக்கொண்டு கேட்டதால் மூன்றாவது இரவும் வண்டி கொடுத்தாள். மாரத்தஹள்ளி பக்கத்தில் வண்டி டிவைடரில் ஏறியது. உள்ளே இருந்த பெண்ணுக்குக் கழுத்தெலும்பு முறிந்தது. மகா மூன்று நாள் சாப்பிடவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு ஒரே சட்டம். ‘நான் ஓகே’ என்று சிரிப்பவனை வண்டியில் ஏற்ற மாட்டாள்.

அதே சட்டத்தை அவுல்ஸ் அணிக்கும் போட்டாள். எறிகிறவனுக்கு நான்கு நாள் ஓய்வு இல்லாமல் பந்தைக் கொடுக்க மாட்டாள். மற்ற மேலாளர்கள் தங்கள் சிறந்த ஆளை அடிக்கடி இறக்கினார்கள். கோடைகாலம் முடிவதற்குள் அவர்களுடைய ஆட்கள் ஒவ்வொருவராக உடைந்து விழுந்தார்கள். அவளுடைய ஆட்கள் நின்றார்கள். கடைசி இடத்தில் கிடந்த அணி முதல் வருடம் ஒன்பதாவது, அடுத்த வருடம் ஆறாவது. மூன்றாவது வருடம் இறுதித் தொடர். ஏழு ஆட்டங்களில் நான்கை முதலில் வென்றவருக்குப் பட்டம். எதிரி மில்ரிவர் மியூல்ஸ், எட்டு வருடத்தில் மூன்று பட்டம் வாங்கிய அணி.

நான்கு ஆட்டங்கள் முடிந்தபோது இரண்டுக்கு இரண்டு. ஐந்தாவது ஆட்டம்தான் இந்தத் திங்கட்கிழமை.

அன்று நடந்த தவறு வேறு யாருக்கும் நடந்திருக்காது. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். பெங்களூரில் இரவு வேலை பார்ப்பவர்களுக்கு அது பண்டிகை நாளைப் போல மனப்பாடம். மறுநாளிலிருந்து நாற்பது வண்டிகளும் ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்ப வேண்டும். ஞாயிறு இரவெல்லாம் மகா அந்த வேலையைத்தான் செய்தாள். ஒரு வண்டிகூடத் தப்பவில்லை. அதே கையோடு தன் ஆட்டத்தையும் மனதுக்குள் ஆறரையிலிருந்து ஏழரைக்குத் தள்ளி வைத்தாள். போன இரண்டு வருடமும் அவுல்ஸ் நவம்பரைப் பார்த்ததே இல்லை.

கமிஷனர் இருப்பது அரிசோனாவில். அங்கே கடிகாரத்தை மாற்றுவதில்லை.

டெல்கடோ விழுந்ததும் கணினி அடுத்த திறமைசாலி வின்ஸ்லோவை இழுத்து விட்டது. அவனும் களைத்த பிறகு இன்னொருவனை. ரயில் அல்சூரில் நின்றபோது அவுல்ஸ் ஒன்பதுக்கு இரண்டு என்று தோற்றிருந்தது. தொடரில் மியூல்ஸுக்கு மூன்று, அவளுக்கு இரண்டு. டெல்கடோவுக்கு ஆறு வாரம் ஓய்வு என்று கடைசி வரி சொன்னது.

மகா படியிறங்கி, பழைய மெட்ராஸ் ரோட்டைக் கடந்து, வீட்டுக்கு வந்து படுத்தாள். தூக்கம் வரவில்லை. தான் தூங்கி மறந்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றே தன்னைக் கவிழ்த்துவிட்டதே என்பதுதான் பொறுக்கவில்லை.

அன்று மாலை ஆறு மணிக்கு விக்கி வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேச ஆரம்பித்தான்.

“இன்னா அண்ணி பண்ணி வெச்சிருக்கீங்க? அரிசோனால டைம் மாறாதுன்னு தெரியாதா?”

“நீதானே அவங்ககூட வேலை பாத்த. ஒரு வார்த்தை சொல்லி இருக்கலாமே.”

“எனக்கின்னா கனவா வந்துச்சு, நீங்க ஃபைனல் வரைக்கும் போவீங்கன்னு?” என்றான் விக்கி. “கேன்டீன்ல எல்லாரும் பாத்துக்கினு இருந்தாங்க அண்ணி. பெரிய ஸ்கிரீன்ல போட்டாங்க. விக்கி டீம், விக்கி டீம்னு. என் மானம் போச்சு.”

சமையலறை வாசலில் நின்ற மகா கரண்டியைக் கீழே வைத்தாள். “கேன்டீன்ல போட்டாங்களா?”

“போன வாரத்துலேர்ந்து.”

“அவங்களுக்கு இன்னான்னு சொன்ன?”

விக்கி உட்கார்ந்து ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். கட்டிலில் உட்கார்ந்து பனியனோடு விசிறிக்கொண்டிருந்த கோவிந்தப்பா தம்பியையும் மனைவியையும் ஒரே ஆள் சமாதானப்படுத்த வேண்டிய கஷ்டத்தோடு தொண்டையைச் செருமினான். அவன் ஒரு கராஜில் மெக்கானிக். எஞ்சின் சத்தத்தைத் தவிர வேறு எந்தச் சத்தமும் அவனுக்கு ஆகாது.

“இப்ப இன்னாடா வேணும் உனக்கு?”

“பாஸ்வேர்டு, அண்ணா. அண்ணி அத மாத்தி வெச்சிருக்காங்க. மிச்சம் ரெண்டு மேட்ச் நான் பேரு போடறேன். தோத்தாலும் நானே தோத்த மாதிரி இருக்கும்.”

“ஜெயிச்சா?” என்றாள் மகா.

“ஜெயிச்சா... டீம் என் பேர்லதானே அண்ணி கீது.”

அப்பா அம்மா போன பிறகு, ஒன்பதாம் வகுப்பிலிருந்து அண்ணியின் கையில் வளர்ந்த பிள்ளை இவன். இவனுடைய பரீட்சைகளுக்கு மகாதான் விடியற்காலையில் எழுந்து தேநீர் போட்டாள். இவனுடைய பள்ளிக்கூட விண்ணப்பங்களில் காப்பாளர் என்ற இடத்தில் கோவிந்தப்பாவின் பெயர் இருந்தது. வீட்டுக் கரண்ட் பில்லில் இன்னும் மாமனார் பெயர். கேஸ் சிலிண்டர் கணவன் பெயர். அலுவலகத்தில் டிரான்ஸ்போர்ட் டெஸ்க். அதையெல்லாம் அவள் ஒருநாளும் குறையாக எண்ணியதில்லை. இன்றைக்கு எண்ணினாள்.

“சும்னே எதுக்கு பேஜாரு,” என்றான் கோவிந்தப்பா. “மகா, நீயே ஆடு. பேரு மட்டும் அவனுதா இருக்கட்டும். இவ்ளோ நாளு அப்பிடித்தானே இருந்துச்சு. அவனுக்கு ஆபீஸ்ல மரியாதை, உனக்கு ஆட்டம்.”

“ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க அண்ணி,” என்று விக்கி உடனே பிடித்துக்கொண்டான். “நெட்வொர்க் பிராப்ளம்னு ஒரு மெசேஜ் மட்டும் என் பேர்ல போட்டுடுங்க. காலைல நடந்ததுக்கு.”

மகா அவனுக்குத் தட்டை வைத்து, சோறு போட்டு, குழம்பை ஊற்றினாள். பிறகு எதிரில் உட்கார்ந்தாள்.

“சாப்புடு. இந்த வீட்ல உனக்கு எப்பவும் சோறு உண்டு விக்கி. பாஸ்வேர்டு இல்ல.”

“அண்ணி—”

“நெட்வொர்க்கும் நல்லாத்தான் கீது. தப்பு நான் பண்ணேன். என் தப்ப உன் பேர்ல எழுத மாட்டேன். என் ஜெயிப்பையும் எழுத மாட்டேன்.”

விக்கி சாப்பிட்டான். கோபத்தோடு சாப்பிட்டான், ஆனால் இரண்டு முறை குழம்பு வாங்கிக்கொண்டான். அவன் பைக் சத்தம் தெருமுனையில் தேய்ந்ததும் மகா கைபேசியை எடுத்து, லீகில் எல்லா மேலாளர்களும் பார்க்கும் பொதுப் பலகையைத் திறந்தாள்.

அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் ரோஸ்டர் ஆங்கிலம். அதிலேயே எழுதினாள். ‘கீழ்க்கண்ட மாற்றத்தைத் தயவுசெய்து கவனிக்கவும். அல்சூர் அவுல்ஸ் அணியை ஓட்டுபவர் விக்கி அல்ல. மூன்று சீசனாக ஓட்டுபவர் கீழே கையெழுத்திட்டவர். இன்று காலை நேரத்தைத் தவறாகக் கணக்கிட்டவரும் அவரே. ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்.’

கடைசி வரியைப் பார்த்தாள். பத்து வருடத்தில் பத்தாயிரம் முறை அடித்த வரி. அதை அழித்தாள். டிரான்ஸ்போர்ட் டெஸ்க் என்று பழக்கத்தில் விழுந்த கையெழுத்தையும் அழித்தாள். ‘மகாலட்சுமி, ஜோகுபாளையா, பெங்களூர்’ என்று அடித்து அனுப்பினாள்.

வேலைக்குப் போகும் ரயிலில், இந்திராநகர் தாண்டும்போது கமிஷனரின் பதில் வந்தது. பலகையில் அல்ல, அவளுக்கு மட்டும்.

அவர் சுற்றி வளைக்கவில்லை. ஓர் அணிக்கு ஒரே ஆள் என்பது விதி. மீறினால் அந்த சீசன் பட்டம் கிடையாது. விதியை எழுதியவரே அவர்தான். மீதி ஆட்டங்களை அவள் ஆடலாம். அடுத்த சீசனிலிருந்து அணி அவள் பெயருக்கு வரும். ஆனால் இந்தத் தொடரில் அவள் தோற்றால் பட்டம் மியூல்ஸுக்கு. அவள் வென்றால் சாம்பியன் பட்டியலில் இந்த வருடத்துக்கான கட்டம் காலியாக விடப்படும்.

அதற்குக் கீழே இன்னொரு பத்தி. ‘இங்கே இன்னும் காலை நேரம்தான். உங்கள் பதிவை என்னைத் தவிர யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. அரை மணி நேரத்துக்குள் நீங்களே அழித்துவிட்டால், நானும் பார்க்கவில்லை என்று இருந்துவிடுவேன். எந்த அணி வென்றாலும் கோப்பை அதற்குப் போகும்.’

நல்ல மனிதர்தான். கெட்டவர்கள் கதவைச் சாத்துவார்கள். அப்போது எதிர்த்து நிற்பது எளிது. நல்லவர்கள் கதவைத் திறந்து வைத்துவிட்டு நகர்ந்து நிற்கும்போதுதான் மனிதன் தடுமாறிப்போகிறான். அழித்தால் கோப்பை உண்டு, பெயர் இல்லை. விட்டுவிட்டால் பெயர் உண்டு, கோப்பை இல்லை.

கோவிந்தப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

“அழிச்சிடு மகா,” என்றான் அவன். “மூணு வருஷம் உழைச்சிருக்க. யாருக்கும் இல்லாம போறதுக்கா?”

“நான் ஜெயிச்சா யாருக்கும் இல்ல. தோத்தா மியூல்ஸுக்கு.”

“அதான் சொல்றேன். இதுல உனக்கு இன்னா லாபம்?”

மகா கைபேசியைப் பைக்குள் போட்டாள். பையப்பனஹள்ளி வந்தது, கே.ஆர்.புரம் வந்தது, ஹூடி வந்தது. ஒவ்வொரு நிலையத்திலும் அவள் விரல் பைக்குள் போய் வெறுமனே திரும்பியது. நல்லூர்ஹள்ளியில் அரை மணி நேரம் முடிந்தது. அவள் கைபேசியை வெளியே எடுத்து இரண்டு வாக்கியம் எழுதினாள். ‘பதிவு அங்கேயே இருக்கட்டும். நாளைக்கு பிக்கெட் எறிவான்.’

செவ்வாய் அதிகாலை ஐந்து மணிக்கே பெயரைப் போட்டுவிட்டாள். திங்களன்று ஆட வேண்டியவன் பிக்கெட். அவள் தவறால் ஒரு நாள் கூடுதலாக ஓய்வெடுத்திருந்தான். நான்குக்கு மூன்று என்று அவுல்ஸ் வென்றது. தொடர் மூன்றுக்கு மூன்று.

பலகையில் அதற்குள் எல்லோரும் அவள் பதிவைப் படித்திருந்தார்கள். சிலர் விதி விதி என்றார்கள். மியூல்ஸ் அணியின் மேலாளர், ‘அப்படியானால் இத்தனை நாள் என்னைத் தோற்கடித்தது பெங்களூரில் இருக்கும் ஒரு மகாலட்சுமியா?’ என்று எழுதியிருந்தார். மகா அதற்கு ‘ஆம்’ என்று மட்டும் பதில் எழுதினாள்.

ஆனால் புதன்கிழமைக்கு யார்? டெல்கடோ படுத்துவிட்டான். வின்ஸ்லோவைக் கணினி திங்களன்று கசக்கிப் பிழிந்திருந்தது. பெயர் சொல்லும்படி வேறு ஒருவனும் இல்லை. ரோஸ்டரில் இப்படி நடந்தால் என்ன செய்வாள்? ஒரு டிரைவர் வரவில்லையென்றால் களைத்தவனை எழுப்ப மாட்டாள். அந்த வண்டியின் ஆட்களைப் பிரித்து, மூன்று வண்டிகளில் ஏற்றிவிடுவாள். மூன்று டிரைவர்களுக்கும் சிறிது சுற்று. எல்லோரும் வீடு போய்ச் சேருவார்கள்.

அப்படியே செய்தாள். ஓர் ஆட்டத்துக்கு உரிய ஒன்பது இன்னிங்ஸை மூன்றாகப் பிரித்து முர்ரே, பாக்ஸ்லி, ஹன்லி என்று மூன்று பேருக்குக் கொடுத்தாள். வருடம் முழுக்க ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். வின்ஸ்லோவை எந்த நிலையிலும் இறக்கக் கூடாது என்று கணினிக்குப் பூட்டும் போட்டாள்.

புதன் காலை அவள் ரயில் ஏறவில்லை. அலுவலகத்தின் பின்பக்கம் வண்டிகள் வந்து நிற்கும் இடத்தில், தேநீர் வண்டிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். இரவு ஓட்டி முடித்த டிரைவர்கள் சுற்றி நின்றார்கள். அவர்களில் மூத்தவர் ஓஸ்வால்ட், ரிச்சர்ட்ஸ் டவுன்காரர். ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாமலே எல்லாம் தெரிந்தவர்போலப் பேசுவார்.

“மகாம்மா, எதிர் பார்ட்டி பேரு இன்னா?”

“மியூல்ஸ். கோவேறு கழுதை.”

“கழுதைங்ககிட்ட தோத்துட்டு மட்டும் வந்து ரோஸ்டர் போடாதீங்க மேன். நாங்க வண்டி எடுக்க மாட்டோம்.”

ஆறு இருபத்தைந்துக்கு விக்கி அழைத்தான். அவன் குரலில் கேன்டீன் சத்தம் கலந்திருந்தது.

“அண்ணி, நீங்க சொன்ன விஷயம் இங்க எல்லாருக்கும் தெரிஞ்சிபோச்சு. பரவால்ல, அத விடுங்க. வின்ஸ்லோவ போடுங்க. மூணு டம்மி பீஸ போட்டு ஃபைனல் ஆடறீங்களே.”

“அவன் எறிஞ்சி ரெண்டு நாளுகூட ஆவல.”

“கேம் அண்ணி. வெறும் நம்பரு. அவனுக்கு தோள் வலிக்காது.”

“தெரியும்டா. ஆனா பேரு போடறது நானு.” அவள் தொடர்பைத் துண்டித்தாள்.

முர்ரே மூன்று இன்னிங்ஸில் இரண்டு ரன் கொடுத்தான். பாக்ஸ்லி இரண்டு கொடுத்தான். அவுல்ஸின் மட்டைகள் மெதுவாக விழித்து ஐந்து எடுத்தன. ஐந்துக்கு நான்கு. ஹன்லி ஏழாவதையும் எட்டாவதையும் ஒன்றும் கொடுக்காமல் கடந்தான். டிரைவர்கள் அதற்குள் அவனைத் தங்கள் ஆளாக்கிவிட்டார்கள். “நம்ம ஹன்லி எந்த ரூட்டு?” என்று ஒருவர் கேட்க, “சர்ஜாபூர் ரூட்டுதான், பாரு எவ்ளோ பொறுமை,” என்றார் இன்னொருவர்.

ஒன்பதாவது, கடைசி இன்னிங்ஸ். மூன்று பேரை வெளியேற்றினால் முடிந்தது. முதல் இரண்டு பேர் அவுட். அடுத்தவன் அடித்துவிட்டு ஓடினான். அதற்கடுத்தவனும். இரண்டு பேர் களத்தில், ஒரு ரன் வித்தியாசம். மட்டை பிடிக்க வந்தவன் மியூல்ஸின் மிகப் பெரிய அடிக்காரன்.

ஓஸ்வால்ட் குனிந்தார். “இப்ப அந்த வின்ஸ்லோ பையன கூப்புட முடியாதா?”

“பூட்டிட்டேன்.”

“சாவி?”

“வெச்சிக்கல.”

தேநீர்க்காரர்கூட வடிகட்டியைக் கையில் பிடித்தபடி நின்றார். அடுத்த வரி வரவில்லை. திரையில் சின்ன வட்டம் சுற்றியது. மகாவுக்கு அந்த நேரத்தில் ஒன்று உறைத்தது. தான் போராடுவது கோப்பைக்காக அல்ல. ஒரு வெற்றிடத்துக்காக. இந்தப் பந்து தப்பினால் அந்தக் கட்டத்தில் மியூல்ஸ் என்று எழுதிவிடுவார்கள். படிப்பவர்கள் கண் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். காலியாக விட்டால்தான் நிற்கும். அந்தக் காலி இடத்தை அவள் வாழ்க்கையில் வேறு எதையும் ஆசைப்படாத அளவுக்கு ஆசைப்பட்டாள்.

வரி வந்தது. ‘பந்து உயர எழும்பி இடது மூலைக்குப் போகிறது.’ ஓஸ்வால்ட் கண்ணை மூடிக்கொண்டார்.

‘பிடிக்கப்பட்டது. ஆட்டம் முடிந்தது. அல்சூர் அவுல்ஸ் 5, மில்ரிவர் மியூல்ஸ் 4.’

டிரைவர்கள் ஹாரன் அடிக்க ஓடினார்கள். செக்யூரிட்டி விசில் ஊதிக்கொண்டு வந்து, மகாவின் முகத்தைப் பார்த்துவிட்டு விசிலை இறக்கினார். ஓஸ்வால்ட் தன் சட்டைப் பையிலிருந்த கைக்குட்டையை எடுத்து அவளிடம் நீட்டினார். அழுகிறோம் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. கமிஷனர் சொன்ன சொல் தவறவில்லை. சாம்பியன் பட்டியலில் எட்டு வருடங்களுக்கு எட்டுப் பெயர்கள். ஒன்பதாவது கட்டம் வெள்ளையாக இருந்தது. அணிப் பட்டியலில் அவுல்ஸுக்கு நேராக மேலாளர் பெயர் ஏற்கெனவே மாறியிருந்தது.

அல்சூர் நெருங்கும்போது பலகையில் யாரோ ஒருவர் கேட்டிருந்தார். ஒரு வாரமாக ஊரில் இல்லாத வேறோர் அணி மேலாளர். ‘இந்த வருடக் கட்டம் ஏன் காலியாக இருக்கிறது? கணினிப் பிழையா?’

கமிஷனர் பதில் சொல்வதற்கு முன்பே மகா எழுதினாள். ‘பிழை இல்லை. அது என்னுடையது. மகாலட்சுமி, ஜோகுபாளையா.’

வீட்டில் கோவிந்தப்பா வேலைக்குக் கிளம்பச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான்.

“இன்னா ஆச்சு?”

“ஜெயிச்சிட்டேன்.”

“கப்பு?”

“யாருக்கும் இல்ல.”

“விக்கி போன் பண்ணான். ‘அண்ணி கெடுத்துட்டாங்க’ன்னு பொலம்பறான்.”

“ஞாயித்துக்கெழமை சாப்புட வரச் சொல்லுங்க. பொலம்பல மட்டும் அங்கயே விட்டுட்டு வரட்டும்.”

அவள் கைபேசியை அவன் முன்னால் நீட்டினாள். கோவிந்தப்பா பொத்தானைப் பாதியில் விட்டுவிட்டு வாங்கிப் பார்த்தான். மேலே கீழே தள்ளினான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தான்.

“இதுல ஒண்ணுமே இல்லயே மகா.”

“நல்லாப் பாருங்க,” என்றாள் அவள்.